ரோமானியர் கான்கிரீட் 1,900 ஆண்டுகளாக நிற்கிறது, என் வீட்டு போர்ட்டிகோ 22 ஆண்டில் உதிர்கிறது: காரணம் என்ன?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் ஒரு காலையில் செய்தித்தாள் எடுக்க வாசலுக்குப் போனேன். போர்ட்டிகோவின் அடிப்பக்கத்திலிருந்து தாம்பாளம் அளவுக்குக் காரை பெயர்ந்து ஸ்கூட்டரின் இருக்கையில் விழுந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் கம்பி தெரிகிறது. செதில் செதிலாகத் துரு. போர்ட்டிகோ கட்டி 22 ஆண்டுகள்தான் ஆகின்றன. என் பேத்தி மாலையில் அந்த ஸ்கூட்டரின் மேல் ஏறி உட்கார்ந்துதான் விளையாடுவாள். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றுலாக் குழுவோடு ரோமுக்குப் போயிருந்தேன். பாந்தியன் கோயிலுக்குள் நுழைந்தபோது வெளியே தூறல். அந்தக் குவிமாடத்தின் உச்சியில் 9 மீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டத் திறப்பு இருக்கிறது, மூடி கிடையாது. மழை நேராக உள்ளே இறங்கிப் பளிங்குத் தரையில் பட்டு, தரையில் போட்டிருக்கும் சின்னச் சின்னத் துளைகள் வழியே வடிந்துகொண்டிருந்தது. 1,900 ஆண்டுகளாக அந்தக் கூரை மழையை உள்ளே வாங்கிக்கொண்டு நிற்கிறது. அதுவும் கான்கிரீட்தான் என்று வழிகாட்டி சொன்னார்.

இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ரோமானியரின் கான்கிரீட் ரகசியம் அவர்களோடு அழிந்துபோயிற்றாம், இன்றைய அறிவியலால்கூட அதைச் செய்ய முடியாதாம். இது உண்மையா? அவர்கள் அதில் என்னதான் கலந்தார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சாரம் எழுதியது:

ஐயா, முதலில் அந்த போர்ட்டிகோவுக்கு முட்டுக் கொடுங்கள். அதன் கீழே யாரையும் நிற்க விடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

26 ஆண்டுகளாகக் கட்டடப் பணியில் இருக்கிறேன். உங்கள் வீட்டில் கெட்டுப்போனது கான்கிரீட் அல்ல, கம்பி. கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளேயிருந்து அது நெம்பும்போது, மூடியிருக்கும் காரை பாளமாகப் பெயர்ந்து விழும். புதிதாகப் போட்ட கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை அதிகம், அந்தக் காரம் கம்பியைக் காப்பாற்றும். ஆண்டுகள் போகப் போகக் காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே இறங்கிக் காரத்தைத் தின்றுவிடும். கம்பிக்கு மேல் இருக்கும் காரையின் கனம் குறைவாக இருந்தால் அது சீக்கிரமே கம்பியைத் தொட்டுவிடும்.

பாந்தியனின் குவிமாடத்தில் கம்பியே இல்லை. துருப்பிடிக்க எதுவும் இல்லாததால் அந்த நோயும் இல்லை. ரோமானியர் கான்கிரீட் இவ்வளவு காலம் நிற்பதற்கு முதல் காரணம் இதுதான். வாட்ஸ்அப் செய்தியில் இந்த ஒரு வரியை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

கம்பி இல்லாமல் நாம் ஏன் கட்டுவதில்லை என்று கேட்பீர்கள். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. உங்கள் போர்ட்டிகோ ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருப்பது கம்பியின் தயவால். அதை ரோமானியர் முறையில் கட்ட வேண்டுமானால் வளைவாகவோ குவிமாடமாகவோதான் கட்ட முடியும், அதைத் தாங்க மிகத் தடிமனான சுவரும் வேண்டும். பாந்தியனின் சுவர் 6 மீட்டர் கனம். நம் ஊரில் அது ஒரு வீட்டு மனையின் அகலம்.

பலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரோமானியத் துறைமுகங்களில் துளையிட்டு எடுத்த மாதிரிகளைச் சோதித்தபோது அமுக்க வலிமை பொதுவாக 10 மெகாபாஸ்கலுக்குக் கீழேதான் வந்திருக்கிறது. இன்று கம்பி போட்ட வீட்டுக் கான்கிரீட்டுக்கு நம் நாட்டு விதிப்படி குறைந்தது 20 இருக்க வேண்டும். நம்முடையது அவர்களுடையதைவிடப் பலமானது. ஆனால் நாம் அதை மெல்லியதாக, கம்பியை நம்பி, அவசரமாகப் போடுகிறோம்.

---

ஏடும் எழுத்தும் எழுதியது:

வைகைக்கரை ஐயாவின் கேள்விக்கு நேரடியான பதில் பழைய நூல்களிலேயே இருக்கிறது. ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில், விட்ருவியஸ் என்ற கட்டடக்கலைஞர் பத்துப் பகுதிகள் கொண்ட நூலை எழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் பகுதியில் சுண்ணாம்பு, மணல், எரிமலைத் தூள் ஆகியவற்றுக்குத் தனித்தனி அத்தியாயங்கள் இருக்கின்றன. நிலத்தில் வெட்டி எடுத்த மணலானால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு. ஆற்று மணலோ கடல் மணலோ ஆனால் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு. அதோடு சுட்ட மண்பாண்டத்தை இடித்துச் சலித்து மூன்றிலொரு பங்கு சேர்த்தால் கலவை மேம்படும் என்கிறார். கடலுக்குள் துறைமுகம் கட்டுவதற்கு எரிமலைத் தூள் இரண்டு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு.

அந்தத் தூளுக்குப் பெயர் பெற்ற இடம் நேப்பிள்ஸ் விரிகுடாவில் இருக்கும் புட்டியோலி, இன்றைய பொட்சுவோலி. அது வெசூவியஸ் மலையின் சாம்பல் என்று பலரும் எழுதுகிறார்கள்; அப்படியல்ல. பொட்சுவோலி இருப்பது காம்பி ஃப்ளெக்ரேய் என்ற வேறொரு எரிமலைப் பகுதியில். ரோம் நகரத்துக் கட்டடங்களுக்குப் பெரும்பாலும் அங்கிருந்தும் கொண்டுவரவில்லை. நகரத்தின் காலடியிலேயே ஆல்பன் குன்றுகளின் பழைய எரிமலைச் சாம்பல் செம்படிவமாகக் கிடந்தது, அதைத்தான் வெட்டி எடுத்தார்கள்.

ஒரு சுவையான செய்தி. உங்கள் வீட்டுக்கு வாங்கிய சிமென்ட் மூட்டையில் 'பி.பி.சி.' என்று அச்சிட்டிருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அதன் விரிவு போர்ட்லாண்ட் போஸோலானா சிமென்ட். 'போஸோலானா' என்பது பொட்சுவோலி ஊரின் பெயரிலிருந்து வந்த சொல். நம் ஊர்ச் சிமென்ட் கடைகளில் அந்த ஊரின் பெயர் நாள்தோறும் விற்பனையாகிறது.

---

வைகைக்கரை எழுதியது:

சாரம் சார், முட்டுக் கொடுத்துவிட்டேன். சவுக்குக் கட்டை நான்கு வைத்திருக்கிறோம். நன்றி.

ஆனால் ஒரு வருத்தத்தைச் சொல்ல வேண்டும். கம்பி இல்லை, சுவர் தடிமன், அதனால் நிற்கிறது என்று நீங்கள் முடித்துவிட்டீர்கள். அங்கே நின்று பார்த்தவனுக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் குவிமாடத்தின் குறுக்களவு 43 மீட்டருக்கும் மேல். கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடத்தில் இன்றுவரை உலகிலேயே பெரியது அதுதான் என்றார்கள். வெறும் தடிமன் மட்டும் அதை நிறுத்திவிடுமா?

---

சாரம் எழுதியது:

நியாயமான கேள்வி ஐயா. நான் சுருக்கிச் சொன்னது தவறு.

வெறும் தடிமனால் நிறுத்த முடியாது. தடிமனாகப் போட்டால் தன் எடையாலேயே விழுந்துவிடும். அவர்கள் செய்தது இதுதான்: கீழிருந்து மேலே போகப் போக ஜல்லியை மாற்றினார்கள். கீழே டிராவர்டைன் என்ற கனமான சுண்ணக்கல். சுவர் உயர உயர எரிமலைச் சாம்பல்கல்லும் உடைத்த செங்கல்லும். உச்சியை நெருங்கும்போது தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல். குவிமாடத்தின் கனமும் அடியில் ஏறக்குறைய 6 மீட்டரில் தொடங்கி உச்சியில் ஒன்றரை மீட்டருக்குள் வந்துவிடும். உட்புறத்தில் ஐந்து வரிசை, வரிசைக்கு 28 என்று 140 சதுரக் குழிவுகள். நடுவில் எடை மிகவும் தொல்லை தரும் இடத்தில் எடையே இல்லை, நீங்கள் பார்த்த அந்தத் திறப்பு.

ஒரே கட்டடத்தில் உயரத்துக்கு ஏற்ப இப்படிக் கலவையை மாற்றிப் போடுவதற்கு மேற்பார்வை எவ்வளவு கூர்மையாக இருந்திருக்க வேண்டும் என்பதை வேலைத்தளத்தில் நின்றவர்கள் அறிவார்கள். ஒரே தளத்துக்கு ஒரே விகிதத்தில் கலவை போட வைப்பதற்கே நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பாந்தியனில் விரிசல் இல்லை என்று நினைக்காதீர்கள். குவிமாடத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி ஆரஞ்சுச் சுளை பிரிந்ததுபோல நெடுக விரிசல்கள் ஓடுகின்றன. இழுப்பைத் தாங்க முடியாத இடத்தில் அது விட்டுக்கொடுத்துவிட்டது. ஆனால் விரிந்த பிறகு ஒவ்வொரு சுளையும் ஒரு வளைவுபோல நின்று எடையைக் கீழே இறக்குகிறது. அடிப்பகுதியின் வெளிப்புறத்தில் படிக்கட்டு போல வளையம் வளையமாக ஏற்றி வைத்த கனம் அதைப் பிடித்துக்கொள்கிறது. விரிந்தும் விழாத கட்டடம் அது. அதை வடிவமைத்தவரை நான் தலைவணங்குகிறேன். அவர் பெயர்கூட நமக்கு உறுதியாகத் தெரியாது.

---

ஏடும் எழுத்தும் எழுதியது:

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. முகப்பில் 'அக்ரிப்பா கட்டியது' என்று பெரிய எழுத்தில் பொறித்திருப்பதை வைகைக்கரை ஐயா பார்த்திருப்பார். அக்ரிப்பா கட்டியது இதே இடத்தில் இருந்த முதல் கோயில். அது கி.பி. 80-இல் எரிந்தது. திரும்பக் கட்டியதும் 110-இல் மின்னல் தாக்கி எரிந்தது. இன்று நிற்பதைப் பேரரசர் ஹாட்ரியன் முடித்தார், ஏறக்குறைய 125-இல். முதலில் கட்டியவரின் பெயரை அவர் அப்படியே விட்டுவைத்தார். செங்கற்களில் குத்தியிருந்த முத்திரைகளைப் பார்த்துத்தான் பிற்காலத்தில் காலத்தை உறுதி செய்தார்கள்.

609-இல் அது கிறித்தவத் தேவாலயமாயிற்று. இவ்வளவு காலம் அது தாக்குப்பிடித்ததில் கான்கிரீட்டுக்கு இருக்கும் பங்கு அளவுக்கு இதற்கும் பங்கு இருக்கிறது என்பேன். கைவிடப்பட்ட பல கட்டடங்களிலிருந்து கல்லையும் செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பளிங்கைச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். வழிபாடு நடந்த இடத்தில் கூரை ஒழுகினால் யாரோ ஒருவர் ஏறிச் சரிசெய்தார்.

---

காளவாய் எழுதியது:

நான் சுண்ணாம்பு வேலைக் குடும்பத்தில் பிறந்தவன். பழைய வீடுகளையும் கோயில் மண்டபங்களையும் சீரமைக்கும் வேலை செய்கிறேன். ரோமானியரைப் பற்றிப் பெரிதாகப் படித்ததில்லை, ஆனால் இந்த இழையில் சொல்லியிருக்கும் ஒவ்வொன்றும் எனக்கு நெருக்கமாக இருக்கிறது. சுட்ட மண்பாண்டத்தை இடித்துச் சுண்ணாம்பில் சேர்ப்பதாக விட்ருவியஸ் எழுதியதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது. நாங்கள் செங்கல்லை இடித்துச் சேர்ப்போம், அதைச் சுர்க்கி என்போம். எரிமலை இல்லாத ஊரில் சுட்ட களிமண்தான் எரிமலைச் சாம்பல். முல்லைப் பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிக்கப்பட்டது சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கான்கிரீட்டால்தான் என்பது இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும்.

சுண்ணாம்பைப் பற்றி ஒரு கேள்வி. ரோமானியர் நீற்றிய சுண்ணாம்பை, அதாவது முன்பே தண்ணீர் விட்டுத் தணித்ததைச் சேர்த்தார்களா, நீற்றாத கல்லையா? எங்கள் வீட்டில் தாத்தா தொட்டியில் நீற்றி, சலித்து, நீருக்கடியில் மாதக்கணக்கில் போட்டு வைப்பார். கையில் எடுத்தால் வெண்ணெய் போல வழுக்க வேண்டும். ஒரு மணி அளவு கட்டி இருந்தால்கூடக் கலவைக்குள் விடமாட்டார். பூசிய பிறகு சுவருக்குள் இருந்து பூத்து வெடிக்கும் என்பார்.

---

நெய்தல்நிலா எழுதியது:

காளவாய் அண்ணா, நீங்கள் கேட்ட கேள்விதான் இந்தத் துறையில் இப்போது சூடாக விவாதிக்கப்படுவது. நான் பொருளறிவியல் படிக்கும் மாணவி.

ரோமானியக் கான்கிரீட்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சின்னச் சுண்ணாம்புக் கட்டிகள் இருக்கும். சரியாகக் கலக்காததால் வந்த குறை என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2023-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த அட்மிர் மாசிச் குழுவினர், ரோமுக்குத் தெற்கே பிரிவெர்னும் என்ற பழைய ஊரின் மதில் சுவரிலிருந்து எடுத்த மாதிரிகளை ஆராய்ந்து வேறு கருத்தை வெளியிட்டார்கள். நீற்றாத சுண்ணாம்பையே சாம்பலோடு கலந்து அதன் பிறகு தண்ணீர் விட்டிருக்கிறார்கள், கலவை தானாகவே கொதித்திருக்கிறது, அந்தச் சூட்டில் உருவானவைதான் இந்தக் கட்டிகள் என்றார்கள். பிற்காலத்தில் விரிசல் விட்டு அதில் தண்ணீர் இறங்கினால் அந்தக் கட்டி கரைந்து, திரும்பவும் சுண்ணக்கல்லாகப் படிந்து விரிசலை அடைத்துவிடும். அவர்கள் இதே முறையில் கான்கிரீட் செய்து, அரை மில்லிமீட்டர் அளவுக்கு விரிசல் உண்டாக்கி, அதன் வழியே தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. நீற்றாத சுண்ணாம்பு சேர்க்காத கட்டையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

உங்கள் தாத்தா பயந்த அதே கட்டி, அங்கே மருந்தாக வேலை செய்கிறது.

---

காளவாய் எழுதியது:

தங்கச்சி, தாத்தா பயந்தது வீணாகவா? மெல்லிய பூச்சில் கட்டி இருந்தால் நிச்சயம் வெடிக்கும். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாவுபோல மழமழப்பான சுவரில் ஆறு மாதம் கழித்து அம்மைத் தழும்பு போலக் குழிகள். கனமான சுவருக்குள் இருப்பது வேறு கதையாக இருக்கலாம்.

நீற்றாத சுண்ணாம்பில் தண்ணீர் விடுவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தண்ணீர் பட்டதும் முதலில் ஒன்றும் நடக்காது. கல் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். பிறகு 'கிர்ர்' என்று ஒரு சத்தம், கல்லுக்குள் யாரோ முனகுவதுபோல. அடுத்த நொடி வெடித்துப் பிளந்து ஆவி மேலே கிளம்பும், தொட்டி முழுவதும் குதிக்கும். அந்த நேரத்தில் முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் கண் போய்விடும். சின்ன வயதில் என் இடது முன்கையில் ஒரு துளி தெறித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. இந்தக் கொதிப்போடு நூற்றுக்கணக்கான ஆட்கள் சாம்பலைப் போட்டுக் கிளறியிருப்பார்கள் என்று நினைக்கும்போது, அந்தக் கட்டடங்களைவிட அந்த ஆட்களின் கைகளைப் பற்றித்தான் எனக்கு யோசனை ஓடுகிறது.

---

ஏடும் எழுத்தும் எழுதியது:

நூல்கள் இந்தக் கருத்துக்கு முழுமையாகத் துணை நிற்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். சுண்ணாம்பை நீற்றிய பிறகே மணலோடு சேர்க்கச் சொல்கிறார் விட்ருவியஸ். கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி இன்னும் ஒரு படி மேலே போகிறார்: மூன்று ஆண்டுக்குக் குறைந்த சுண்ணாம்பை ஒப்பந்தக்காரர் பயன்படுத்தக்கூடாது என்று பழைய கட்டட விதிகள் சொன்னதாக எழுதியிருக்கிறார். காளவாய் அவர்களின் தாத்தா பிளினியின் கட்சி.

அதே இடத்தில் பிளினி எழுதிய இன்னொன்றை வைகைக்கரை ஐயா கட்டாயம் படிக்க வேண்டும். ரோமில் கட்டடங்கள் இடிந்து விழுவதற்கு முதன்மையான காரணம், சுண்ணாம்பைத் திருடிக்கொண்டு போதிய காரை இல்லாமல் கற்களை அடுக்குவது என்கிறார். ஆக, ரோமிலும் கலவையில் கை வைத்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் கட்டியதும் இடிந்து விழுந்தது. அவை இன்று நம் கண்ணில் படுவதில்லை.

---

நெய்தல்நிலா எழுதியது:

நூலில் எழுதியிருப்பது ஒன்று, தளத்தில் நடந்தது ஒன்றாகவும் இருக்கலாம் ஐயா. எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பாம்பெய்யின் 9-ஆவது வட்டாரத்தில் அண்மையில் தோண்டியபோது, கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்த நாளில் வேலை நடந்துகொண்டிருந்த ஒரு வீடு அப்படியே கிடைத்திருக்கிறது. சுவர் பாதி எழும்பியிருக்கிறது. ஓடுகள் அடுக்கி வைத்தபடி இருக்கின்றன. ஒரு பக்கம் எரிமலைச் சாம்பலும் நீற்றாத சுண்ணாம்பும் உலர்ந்த நிலையிலேயே கலந்து குவித்து வைத்த குவியல், தண்ணீர் விடுவதற்காகக் காத்திருந்த குவியல். அதையும் மாசிச் குழுவினர் ஆராய்ந்து 2025 இறுதியில் வெளியிட்டார்கள். ஆக, சுவர் எழுப்பும் வேலையில் சூட்டுக் கலவை இருந்தது என்பதற்கு இப்போது நேரடிச் சான்று உண்டு. எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இப்படித்தான் செய்தார்கள் என்று அதிலிருந்து நான் சொல்ல மாட்டேன். 600 ஆண்டுக் கட்டட வரலாறு அது.

---

காளவாய் எழுதியது:

தண்ணீர் விடுவதற்காகக் காத்திருந்த குவியல்... இந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

---

அலைவாய் எழுதியது:

துறைமுக வேலையில் இருப்பவன் என்பதால் கடல் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். இந்த இழையில் இன்னும் வராதது அதுதான்.

கடல் நீர் நமக்குப் பரம எதிரி. உப்பு உள்ளே போனால் கம்பி காலி. ரோமானியருக்கோ கடல் கூட்டாளி. சாம்பலிலுள்ள கண்ணாடித் தன்மையுள்ள துகள்கள் சுண்ணாம்போடு சேர்ந்து நீருக்கடியிலேயே இறுகும்; காற்றே தேவையில்லை. அதன் பிறகும் கடல் நீர் மெல்ல ஊடுருவி, கலவைக்குள் டோபர்மோரைட், பிலிப்சைட் போன்ற படிகங்களை வளர்த்துக்கொண்டே போகிறது. மேரி ஜாக்சன் என்ற நிலவியலாளரும் அவருடைய குழுவினரும் 2017-இல் இதை விரிவாக வெளியிட்டார்கள். புட்டியோலித் தூள் அலைக்குள் ஒரே கல்லாகி நாளுக்கு நாள் வலுப்பெறுகிறது என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். வெறும் மிகை என்று நினைத்திருந்த வரி நுண்ணோக்கியில் உண்மையாயிற்று.

யூதேயாவின் ஏரோது மன்னன் கி.மு. 22-ஐ ஒட்டி, இன்றைய இஸ்ரேல் கரையிலுள்ள செசரியாவில் தொடங்கிய துறைமுகத்தைப் பாருங்கள். இயற்கையான விரிகுடா இல்லாத நேர்க்கரை அது. பெரிய மரப்பெட்டிகளைக் கட்டி, மிதக்க விட்டு இழுத்துப் போய், உரிய இடத்தில் மூழ்கடித்து, உள்ளே கலவையும் கல்லும் நிரப்பினார்கள். அந்த மரச்சட்டங்களின் மிச்சத்தைக் கடலடி அகழாய்வில் எடுத்திருக்கிறார்கள். எரிமலைத் தூள் நேப்பிள்ஸ் விரிகுடாவிலிருந்து மத்தியதரைக் கடலின் மறுகோடிக்குக் கப்பல் கப்பலாகப் போயிற்று. மண்ணைக் கப்பலில் ஏற்றி அத்தனை தூரம் அனுப்புகிறார்கள் என்றால் அதன் மதிப்பை அவர்கள் எப்படி உணர்ந்திருக்க வேண்டும்!

அந்தத் துறைமுகம் இன்று எங்கே? பெரும்பகுதி நீருக்கடியில். கான்கிரீட் கெட்டியாகத்தான் இருக்கிறது, அடியில் இருந்த மணல் தரை இறங்கிவிட்டது, நிலநடுக்கமும் சேர்ந்துகொண்டது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கலவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடித்தளம் தவறினால் இதுதான் கதி. எங்கள் துறையில் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டிய எடுத்துக்காட்டு இது.

---

வைகைக்கரை எழுதியது:

படிக்கப் படிக்க வியப்பாக இருக்கிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இவ்வளவு தெரிந்த கலை ஏன் மறைந்தது? இன்று அதே மாதிரி செய்தால் என்ன?

---

ஏடும் எழுத்தும் எழுதியது:

நூல் அழியவில்லை, சுண்ணாம்பும் அழியவில்லை. அழிந்தது, அவ்வளவு பெரிய வேலைக்குப் பணமும் கப்பலும் ஆட்களும் திரட்டிய அரசு. 1750-களில் ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் இங்கிலாந்தின் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கடல் பாறையின் மேல் கட்டியபோது இத்தாலியிலிருந்து போஸோலானாவை வரவழைத்துத் தன் சுண்ணாம்போடு சேர்த்தார். ஆக, அறிவு தொடர்ந்து வந்திருக்கிறது. 1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் இன்றைய சிமென்ட்டின் முன்னோடியான போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு வேகமாக இறுகும் பொருள்தான் சந்தையைப் பிடித்தது.

---

சாரம் எழுதியது:

அந்த வேகம்தான் விஷயம். ரோமானியர் கலவை முழு வலுப் பெற மாதங்கள் ஆகும். இன்று எனக்கு ஏழாம் நாள் பலகையைக் கழற்றியாயிற்றா என்று தொலைபேசி வருகிறது. வாடகைக்கு எடுத்த சென்ட்ரிங் பலகைக்கு நாள் கணக்கில் காசு.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. அவர்கள் கலவையைக் குழம்பாகக் கரைத்து ஊற்றவில்லை. கெட்டியான காரையை ஒரு படுகை பரப்பி, கை அளவுக் கற்களை அதில் பதித்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, மேலே அடுத்த படுகை. இருபுறமும் செங்கல்லோ கல்லோ முகப்பாக எழும்பிக்கொண்டே வரும். தண்ணீர் குறைவு என்பதால் உள்ளே வெற்றிடமும் குறைவு. நம் தளங்களில் கலவை சுலபமாக ஓட வேண்டும் என்று வாளி வாளியாகத் தண்ணீர் சேர்க்கிறார்களே, கட்டடத்தின் ஆயுளை அங்கேயே ஊற்றிவிடுகிறார்கள். நான் பார்த்த வரையில் உங்கள் போர்ட்டிகோ போன்ற பத்து வீடுகளில் எட்டில் இதுதான் நடந்திருக்கும்.

இன்று அதே முறையில் செய்யலாமா என்றால், கம்பி தேவைப்படாத இடங்களில், அவசரமில்லாத இடங்களில் செய்யலாம். கடல் தடுப்புக் கட்டைகளுக்கு மிகவும் பொருந்தும். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பால் வருகிறது. போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்குச் சூளையில் 1,450 டிகிரி வரை போக வேண்டும், சுண்ணாம்புக்கு 900 போதும். அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்த்துச் செய்யும் பி.பி.சி. ஒருவகையில் புட்டியோலியின் வழிதான்.

---

நெய்தல்நிலா எழுதியது:

சாரம் சார் சொன்னதில் ஒரு திருத்தம். பி.பி.சி.யில் சாம்பல் சேர்ந்தாலும் முதன்மையான பொருள் போர்ட்லாண்ட் சிமென்ட்தான். சாம்பல் 15 முதல் 35 சதவீதம். ரோமானியக் கலவையில் போர்ட்லாண்ட் சிமென்ட்டே கிடையாது. வழி ஒன்று என்று சொல்லலாம், பொருள் ஒன்றல்ல. ஆனால் பி.பி.சி. மெதுவாக இறுகும், அதனால் அதிக நாள் தண்ணீர் காட்ட வேண்டும் என்பதை வீடு கட்டும் ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள். பத்து நாளாவது ஈரம் காயாமல் இருக்க வேண்டும்.

---

சாரம் எழுதியது:

திருத்தம் சரி. ஏற்றுக்கொள்கிறேன்.

---

வைகைக்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். போர்ட்டிகோவின் அடிப்பக்கம் முழுவதையும் கொத்தி எடுத்தாயிற்று. மேஸ்திரி கொத்தும்போது ஒவ்வொரு இடத்திலும் நானே ஸ்கேல் வைத்து அளந்தேன். கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டராவது காரை இருக்க வேண்டுமாம். நடுவில் 12 இருந்தது. பெயர்ந்து விழுந்த ஓரத்தில் 6. இரண்டு இடங்களில் கம்பி பலகையின் மேலேயே படுத்திருக்கிறது. காரையே இல்லை, வெறும் பூச்சுதான் மூடியிருந்தது. கட்டித் தந்தவர் இப்போது தொழிலில் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

துருவைத் தேய்த்து எடுத்து, இளைத்த கம்பிகளுக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, கம்பிக்கு அடியில் காரைக்கு இடம் விடும் கவர் கட்டை வைத்துத் திரும்பப் போட்டிருக்கிறோம். கலவையில் தண்ணீரை அளந்துதான் விட்டார்கள், நான் பக்கத்திலேயே நின்றேன். சாக்கு கட்டி இன்றோடு பதினோராம் நாள் தண்ணீர் விடுகிறோம். காலையில் என் முறை, மாலையில் பேத்தியின் முறை.

காளவாய் தம்பி, கொத்திய காரையை ஒரு வாளியில் எடுத்து வைத்திருக்கிறேன். மாடியில் என் தந்தை காலத்துச் சுண்ணாம்புத் தளம் ஒன்று இருக்கிறது, செங்கல் ஜல்லி போட்டு இடித்தது, 60 ஆண்டுகளுக்கும் மேலாகிறது. அதிலும் உடைந்த ஒரு துண்டு கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய துண்டுக்குள் வெள்ளையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கின்றன. நெய்தல்நிலா சொன்ன கட்டிகள் இவைதானா?

---

காளவாய் எழுதியது:

வெயிலில் பிடித்துப் படம் எடுத்துப் போடுங்கள் ஐயா. நகத்தால் சுரண்டினால் மாவாக வந்தால் சுண்ணாம்பு, வராமல் பளபளத்தால் மணலோ கிளிஞ்சல் துண்டோ. அடுத்த வாரம் மதுரைப் பக்கம் ஒரு மண்டப வேலைக்கு வருகிறேன். அந்தத் தளத்தை இடித்துவிடாதீர்கள், நான் வந்து பார்க்கிறேன்.